ஹீரோ மேல் நஷ்டஈடு வழக்கு: உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத ஒரு வரி

கேள்வி: நான் வெப் சீரிஸ் தயாரிப்பாளர். பாதிப் படப்பிடிப்பு முடிந்த நிலையில், பிரபல நடிகரான ஹீரோ தன்னிடம் அத்துமீறினார் என்று காஸ்ட்யூம் பிரிவில் வேலை செய்யும் பெண் சொன்னார். செய்தி வெளியே வந்ததும் ஓடிடி நிறுவனம் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்துவிட்டது. வட்டி ஏறுகிறது, யூனிட்டுக்குச் சம்பள பாக்கி நிற்கிறது. ஹீரோ மேல் வழக்குப் போடலாமா? பிரஸ் மீட் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

பதில்: நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு முதல் வாய்ப்புக் கொடுத்ததே நீங்கள்தான், நன்றி இல்லாத மனிதர் என்பதையெல்லாம் படித்தேன். கோர்ட்டில் அதற்கு வேலை இல்லை. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு மாதம் முன்பே புரொடக்‌ஷன் மேனேஜர் காதில் போட்டார், ஷெட்யூல் முடியட்டும் பார்க்கலாம் என்றேன்." உங்கள் கேஸ் நிற்பதும் விழுவதும் அந்த வரியில்தான்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ன்படி அந்தப் பெண்ணுக்கு முதலாளி நீங்கள். தினக்கூலியும் ஊழியர்தான், அவுட்டோர் லொகேஷனும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தே ஆக வேண்டும். உங்கள் கடிதத்தில் குழு என்ற பேச்சே இல்லை. அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அது பெரிய விஷயமில்லை. நஷ்டஈடு கேட்டுப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது, "உங்களுக்கு எப்போது தெரியும், தெரிந்தபின் என்ன செய்தீர்கள்?" ஒப்பந்தச் சட்டம் 73-ம் பிரிவு, நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் பார்க்கச் சொல்கிறது. அந்த ஒரு மாதத்தில் ஏறிய நஷ்டம் உங்கள் தலையில்தான் என்று அவர் வாதாடுவார். நான் அவர் பக்கம் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

உங்களைப் போல் வருகிறவர்கள் ஹாலிவுட் நடிகர் கெவின் ஸ்பேசி விவகாரத்தை உதாரணம் காட்டுவார்கள். 2017-ல் குற்றச்சாட்டுகள் வந்தபின் அவர் நடித்த 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' சீரிஸின் கடைசி சீசன் 13 எபிசோடிலிருந்து 8 ஆகச் சுருங்கியது. தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் சுமார் 3.1 கோடி டாலர் தர வேண்டும் என்று நடுவர் (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்) தீர்ப்பளித்தார், 2022-ல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்பேசி குற்றச்சாட்டுகளை மறுத்தவர். வேறு புகார்கள் மீதான லண்டன் கிரிமினல் வழக்கில் 2023-ல் விடுதலையும் ஆனார். ஆனால் அந்த நடுவர் தீர்ப்பு நின்றது ஒப்பந்தத்தின் மேல். துன்புறுத்தலுக்கு எதிரான நிறுவன விதிகளுக்கு நடிகர் கட்டுப்பட்டவர், நிறுவனம் தன் பங்குக்கு விசாரணையும் நடத்தியிருந்தது. உங்கள் அக்ரிமென்ட்டில் கால்ஷீட், டப்பிங், புரமோஷன் எல்லாம் இருக்கும். நடத்தை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அப்புறம், அந்த 3.1 கோடி கடைசியில் 2024-ல் சுமார் 10 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிரஸ் மீட் வேண்டவே வேண்டாம். புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள், விசாரணையில் நடந்தது எதையும் ஊடகத்துக்குச் சொல்லக் கூடாது என்கிறது அந்த 2013 சட்டத்தின் 16-ம் பிரிவு. இருக்கிற தலைவலியோடு அவதூறு நோட்டீஸும் வரும்.

இனி நான் நிஜமாகவே பயப்படும் இடத்துக்கு வருகிறேன். இப்படிச் சிக்கிக்கொள்ளும் தயாரிப்பாளர்கள் அடுத்துச் செய்வது, நம்பிக்கையான ஒரு ஆளை விட்டு அந்தப் பெண்ணிடம் பேசச் சொல்வது. "ஏதாவது வாங்கிக்கொள்ளம்மா, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடு, படம் வெளியே வந்தால் எல்லோருக்கும் நல்லது." ஓடிடி மனம் மாறும் என்ற கணக்கு. செய்யாதீர்கள். பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசத்துக்கு அடிப்படையாக வைக்கவே கூடாது என்று அதே சட்டத்தின் 10-ம் பிரிவு சொல்கிறது. சமரசம் என்ற பேச்சையே அந்தப் பெண்தான் எடுக்க வேண்டும், அதுவும் குழுவிடம். நீங்கள் வாங்கிவைக்கும் கடிதம் உங்களைக் காப்பாற்றாது. புகாரை அமுக்கப் பார்த்தீர்கள் என்பதற்கு முதல் ஆவணமாக அதுவே எதிரே வந்து நிற்கும். ஹீரோ செய்த தப்புக்கு நீங்கள் ஏன் சாட்சியம் தயாரித்துக் கொடுக்கிறீர்கள்? மேனேஜரின் மெசேஜ்களை அழிப்பதும் இதே ரகம்தான். உங்கள் போனில் போனாலும் அவர் போனில் இருக்கும்.

புகாரை அந்தப் பெண் எழுத்தில் தரவில்லையே என்றும் ஒதுங்க முடியாது. எழுத உதவுவது குழுவின் கடமை. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் வர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டலாம். எனவே குழுவை உடனே அமையுங்கள். டைரக்டரின் மனைவியை உறுப்பினராகப் போட்டுக் கணக்குக் காட்ட வேண்டாம். வெளி உறுப்பினர் உண்மையிலேயே வெளி ஆளாக இருக்கட்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

அறிக்கை வந்தபின் ஹீரோவோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. வேலை செய்யாத நாட்களுக்கான அட்வான்ஸ் திரும்பி வந்தால் வாங்கிக்கொண்டு நகருங்கள். ஓடிடி நிறுத்தியதால் போன லாபம், மார்க்கெட்டில் கெட்ட பேர் இதையெல்லாம் கேட்டு இழுத்தால் வருடங்கள் ஓடும், உங்கள் மேனேஜர் கூண்டில் ஏறுவார். பேசி முடிக்கும் பத்திரத்தில் பணம் மட்டும் இருக்கட்டும். புகார் பற்றியோ, யாரும் வாய் திறக்கக் கூடாது என்றோ ஒரு வரிகூட வரக் கூடாது. அறிக்கைக்கு முன்னால் கணக்கை முடிக்கவும் கூடாது. புகார் நிரூபணமானால் அவருடைய சம்பளத்தில் பிடித்து அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லிக் குழு பரிந்துரைக்கலாம். நீங்கள் தர வேண்டிய பாக்கியை அதற்குள் நேர்செய்துவிட்டால், பிடிக்க எதுவும் இருக்காது.

யூனிட் சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹீரோ கேஸ் முடிந்ததும் தருகிறேன் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். வேலை செய்தவர்களுக்குக் கடன்பட்டது நீங்கள், ஹீரோ அல்ல. அவர்களில் சிலர்தான் குழு முன்னால் சாட்சியாகவும் வரப்போகிறார்கள். பாக்கியை நிறுத்தி வைத்தால் அது மிரட்டலாகவே படும். வட்டிக்கு வாங்கினாலும் பரவாயில்லை, முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள்.