மனநலப் போராட்டத்தைப் பத்தி ஒரு ராக் பேண்ட் பாடின பாட்டுல உங்களை ரொம்ப பாதிச்சது எது, ஏன்?

இந்த கேள்விக்கு பாதி பேர் லிங்கின் பார்க் பாட்டைத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். சொல்லுங்க, தப்பே இல்ல, அதுல பாடின செஸ்டர் குரல் அப்படி. எனக்கு ஆனா பிங்க் ஃபிளாய்டோட 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' தான். மத்த பாட்டுல எல்லாம் கஷ்டப்படுறவனே "எனக்கு முடியல"ன்னு பாடுவான். இதுல பாடுறவங்க பக்கத்துல இருந்து பாத்தவங்க, பாத்துட்டு விட்டுட்டு போனவங்க. அந்த குற்ற உணர்ச்சியோட ஒரு 26 நிமிஷப் பாட்டு வேற யாரும் பண்ணி நான் கேட்டதில்ல.

கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்றேன். பிங்க் ஃபிளாய்டுக்கு பேர் வச்சதே சிட் பாரெட்ங்கற ஆளு. கேம்பிரிட்ஜ் பையன், படம் வரைவார், கிட்டார் வாசிப்பார், 1967ல வந்த முதல் ஆல்பத்துல பெரும்பாலான பாட்டு அவர் எழுதினதுதான். அதே வருஷம் முடியறதுக்குள்ள ஆளே மாறிட்டார். ஸ்டேஜ்ல நின்னுட்டு கிட்டார் கம்பியை லூஸ் பண்ணிட்டே இருப்பார், டிவில பேட்டி எடுத்தா பதிலே வராது, வெறிச்சு பாத்துட்டு நிப்பார். எல்எஸ்டிங்கற போதை மருந்து நிறைய எடுத்தார்ங்கறது உண்மை, அதனாலதானா இல்ல உள்ள ஏற்கனவே எதாவது இருந்துச்சா, திடீர்னு வந்த புகழா, யாரும் உறுதியா சொன்னதில்ல. அவரோட தங்கச்சி ரோஸ்மேரி மனநோய்ங்கற பேச்சையே பிற்காலத்துல மறுத்துட்டாங்க. அதனால யூட்யூப் கமெண்ட்ல எவனாவது இன்ன வியாதின்னு அடிச்சு சொன்னான்னா அவன் டாக்டர் இல்லன்னு புரிஞ்சுக்கோங்க.

பேண்ட்ல மத்தவங்க என்ன பண்ணாங்க? சிட்டோட பழைய ஃப்ரெண்டு டேவிட் கில்மரை கூட சேத்துக்கிட்டாங்க, கொஞ்ச ஷோ அஞ்சு பேரா வாசிச்சாங்க. அப்புறம் 1968 ஜனவரில ஒரு நாள் சௌதாம்ப்டன்ல ஷோ, வண்டில கிளம்பியாச்சு, வழியில சிட்டை ஏத்திக்கலாமான்னு ஒருத்தர் கேக்க, வேண்டாம் விடுன்னு இன்னொருத்தர் சொல்ல, அவ்ளோதான் முடிஞ்சுது. சண்டை இல்ல, உக்காந்து பேசல, கூப்பிட்டு சொல்லக்கூட இல்ல. அவங்களுக்கு அப்ப இருபது சொச்ச வயசு, கூட இருக்கறவனுக்கு என்ன ஆச்சுன்னே புரியல, பேண்டும் ஓடணும். நான் இதுல அவங்கள முழுசா திட்டவும் மாட்டேன், ஆனா நல்லா பண்ணாங்கன்னும் சொல்ல மாட்டேன்.

அதுக்கப்புறம் 1973ல அவங்களோட 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் உலகம் பூரா ஓடுது, காசு கொட்டுது, இவங்களுக்கு அடுத்து என்ன பண்றதுன்னே தெரியல. ரிகர்சல்ல கில்மர் சும்மா ஒரு நாலு நோட்டு வாசிக்கிறார். அந்த நாலே நாலு நோட்டு, அதுல இருந்த ஒரு வெறுமைதான் பேண்ட்ல பேஸ் கிட்டார் வாசிச்ச ரோஜர் வாட்டர்ஸை சிட் பத்தி எழுத வச்சுதுங்கறாங்க. ஹெட்ஃபோன்ல கேட்டா ஆரம்பத்துல ஒரு மினுமினுப்பு மாதிரி சத்தம் வரும், அது ஒயின் கிளாஸ் விளிம்புல ஈர விரல தேய்ச்சு ரெக்கார்ட் பண்ணினது. எட்டு நிமிஷத்துக்கு மேல குரலே வராது. முதல் தடவை கேக்கும்போது இன்ஸ்ட்ருமெண்டல்னு நினைச்சு மாத்திடாதீங்க. கடைசில பேண்டோட கீபோர்டு ஆளு ரிக் ரைட், சிட் எழுதின 'சீ எமிலி ப்ளே' ட்யூனை ஒரு வரி கீபோர்டுல வாசிச்சிட்டு போவார், வால்யூம் ஏத்தி வச்சாதான் காதுல விழும்.

சரி இப்ப என்னை பாதிச்ச விஷயத்துக்கு வரேன். பாட்டு சிட்டோட சின்ன வயசை ஞாபகப்படுத்தித்தான் ஆரம்பிக்கும், நீ எப்படி ஜொலிச்ச, இப்ப உன் கண்ணு எப்படி இருக்குன்னு. அத கேக்கும்போதெல்லாம் எனக்கு எங்க பெரியம்மா பையன் ஞாபகம் வந்துடும். காலேஜ் படிக்கும்போது லீவுக்கு வீட்டுக்கு வந்த அண்ணன் திரும்ப போகவே இல்ல. எந்த விசேஷத்துக்கு போனாலும் சொந்தக்காரங்க யாராவது ஆரம்பிச்சிடுவாங்க, "எப்படி இருந்த பையன் தெரியுமா"ன்னு. அண்ணன் அடுத்த ரூம்ல டீ குடிச்சிட்டு இருப்பாரு, எல்லாம் காதுல விழும். இந்த பாட்டும் அதையேதான் பண்ணுது. எவ்ளோ அழகா இருந்தாலும் இது உயிரோட இருக்கற ஆளுக்கு பாடின ஒப்பாரி.

அந்த ஆளு உயிரோட இருந்தார்ங்கறது மட்டும் இல்ல, நேர்லயே வந்து நின்னுட்டார். 1975 ஜூன் 5, லண்டன் ஆபி ரோட் ஸ்டுடியோ, இதே பாட்டை மிக்ஸ் பண்ணிட்டு இருக்காங்க. தலையும் புருவமும் மழிச்சு, உடம்பு போட்ட ஒருத்தர் கையில பிளாஸ்டிக் பையோட உள்ள வர்றார். ஸ்டுடியோ ஆளுன்னு ஒருத்தர் நினைக்கிறார், வாட்டர்ஸோட ஃப்ரெண்டுன்னு இன்னொருத்தர் நினைக்கிறார், சிட்டுன்னு தெரியவே ரொம்ப நேரம் ஆகுது. தெரிஞ்சதும் வாட்டர்ஸ் அழுதுட்டார். எல்லாரும் இத ஏதோ விதி மாதிரி, சிலிர்க்கற கதை மாதிரி சொல்லுவாங்க, எனக்கு சிலிர்க்கல, வயித்த பிசையுது. யாருக்காக உருகி உருகி பாடினாங்களோ அவர் எதிர்ல நிக்கிறார், அடையாளம் தெரியல. அப்ப அவருக்கு வயசு 29.

அதுக்கப்புறம் இன்னும் 31 வருஷம் வாழ்ந்தார். இத யாரும் பேசறதில்ல. கேம்பிரிட்ஜ்ல அம்மா வீட்டுக்கே போயிட்டார், சிட்ங்கற பேரை விட்டுட்டு சொந்தப் பேரான ரோஜர்னே இருந்தார், தோட்ட வேலை பாத்தார், சைக்கிள்ல கடைக்கு போனார், படம் வரைஞ்சு போட்டோ எடுத்து வச்சிட்டு படத்தை எரிச்சிடுவாராம். கணைய கேன்சர்ல 2006 ஜூலைல இறந்தார். நடுவுல ரசிகர்களும் பத்திரிகைக்காரங்களும் வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க, அவங்களுக்கு அந்த பழைய வைரம்தான் வேணும், தோட்டத்துல வேலை பாக்கற வழுக்கைத் தலை மனுஷன் வேணாம். மேதைன்னா கொஞ்சம் கிறுக்கு இருக்கும்னு ரசிச்சு எழுதறவங்கள பாத்தா எனக்கு எரிச்சலா வரும், அதுக்கு காரணமே இந்த வாசல்தான். கில்மரை மட்டும் இதுல பாராட்டணும், சிட்டுக்கு ராயல்டி ஒழுங்கா போகுதான்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டார், 2001ல வந்த 'எக்கோஸ்' தொகுப்புல சிட் எழுதின பாட்டு அஞ்சு இருக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சும் பாட்டு பிடிக்குமான்னா ரொம்ப பிடிக்கும். ஆனா இத மட்டும் கேட்டுட்டு நிறுத்தாதீங்க. 1968ல வந்த ரெண்டாவது ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 'ஜக்பேண்ட் ப்ளூஸ்', பேண்ட்ல இருந்து போறதுக்கு கொஞ்ச மாசம் முன்னாடி சிட்டே எழுதி பாடினது. மூணு நிமிஷம்தான். நான் இங்க இல்லைங்கறத நீங்களே எனக்கு தெளிவா காட்டிட்டீங்கன்னு கிண்டலும் மரியாதையுமா நன்றி சொல்லுவார், நடுவுல ஒரு பேண்ட் வாத்திய கோஷ்டி வந்து கன்னாபின்னான்னு வாசிச்சிட்டு போகும். இவருக்கு ஒண்ணும் புரியலன்னு மத்தவங்க நினைச்சிட்டு இருந்தப்ப, சுத்தி நடக்கறது எல்லாம் அவருக்கு அப்பட்டமா புரிஞ்சிருக்கு.

ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, ஜக்பேண்ட் ப்ளூஸ் முதல்ல. ஷைன் ஆன் பாட்டு 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்துல ரெண்டா பிரிஞ்சு, ஆரம்பத்துல பாதியும் கடைசில பாதியுமா இருக்கும், அதனால ஷஃபிள் ஆஃப் பண்ணிட்டு முழு ஆல்பமா போடுங்க.