சனிக்கிழமை சம்பளமும் எழாத டேட்டாபேஸும்

கேள்வி: அண்ணா, திருப்பூரில் சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறோம், பன்னிரண்டு மெஷின். டைலர்களின் பீஸ் ரேட் கணக்கு மொத்தமும் ஸாம்ப் (கம்ப்யூட்டரிலேயே சர்வர் ஓட்டும் மென்பொருள்) போட்ட கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. செவ்வாய் ராத்திரி கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தாங்காமல் கம்ப்யூட்டர் அப்படியே அணைந்துவிட்டது. அதிலிருந்து, கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லுக்கு ஸ்டார்ட் கொடுத்தால் பச்சை வந்து உடனே போய்விடுகிறது. ஐபிடேட்டா1 என்ற ஃபைலை அழித்தால் சரியாகும் என்கிறார்கள். அழிக்கலாமா? சனிக்கிழமை சம்பளம் போட வேண்டுங்க.
- ஒரு வாசகி

பதில்: அதை மட்டும் அழித்துவிடாதீர்கள் அம்மிணி. அழித்தால் சர்வர் எழுந்து நிற்கும், டேபிள் பெயர்கள்கூட வரிசையாகத் தெரியும், ஆனால் எதைத் திறந்தாலும் அப்படி ஒரு டேபிளே இல்லை என்று சொல்லும். உங்கள் கணக்கோடு ஒட்டிய உள்விவரம் அந்த ஃபைலில்தான் இருக்கிறது.

முதல் வேலை, ஸாம்ப்பை நிறுத்திவிட்டு மைஎஸ்கியூஎல்லுக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை முழுசாக ஒரு பென்டிரைவில் காப்பி எடுப்பது. அது முடியும்வரை வேறு எதிலும் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் ஸாம்ப் திரையில் மைஎஸ்கியூஎல் வரிசையில் லாக்ஸ் பட்டனை அழுத்தி எரர் லாக்கை, அதாவது பிழைகள் பதிவாகும் ஃபைலைத் திறந்து கடைசி முப்பது வரியைப் படியுங்கள். 3306 போர்ட்டில் (மைஎஸ்கியூஎல் பயன்படுத்தும் இணைப்பு எண்) வேறொரு சர்வர் ஓடுகிறதா என்று அது கேட்டிருந்தால் இன்னொரு மைஎஸ்கியூஎல் உட்கார்ந்திருக்கிறது, அதை நிறுத்தினால் போதும். டிஸ்க் நிறைந்திருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், 'ஆரியா ரெகவரி ஃபெயில்டு' என்ற வரி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இப்போதைய ஸாம்ப்பில் மைஎஸ்கியூஎல் என்ற பெயரில் ஓடுவது அதிலிருந்து பிரிந்த மரியாடிபி என்ற டேட்டாபேஸ், அது தன் சொந்த டேபிள்களை ஆரியா என்ற வகையில் வைத்திருக்கிறது, திடீரென்று கரண்ட் போனால் அதன் லாக் கெட்டுப்போகும். உங்கள் கணக்கு பெரும்பாலும் இன்னோடிபி என்ற வேறு வகை டேபிளில் இருக்கும். அது பாதியில் நின்றதைத் தானே சரிசெய்துகொள்ளக்கூடியது. ஆக அழிக்க வேண்டியது டேட்டா ஃபோல்டரில் ஆரியா லாக் என்று தொடங்கும் ஃபைல்களை மட்டும், அதுவும் காப்பி கையில் இருக்கும்போது. அப்படியும் எழவில்லை என்றால் மைஎஸ்கியூஎல்லுக்குள் 'bin' என்ற ஃபோல்டரில் இருக்கும் ஆரியா செக் கருவியை ஆரியா டேபிள்கள்மேல் ரிப்பேருக்கு ஓட்டுங்கள்.

எரர் லாக்கில் இன்னோடிபி பேஜ் (டேபிளின் ஒரு துண்டு) கெட்டுவிட்டது என்று இருந்தால் கதை வேறு. 'my.ini' என்ற செட்டிங்ஸ் ஃபைலில் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரியை 1 என்று வைத்துத் தொடங்கி, எழுந்ததும் மொத்தத்தையும் டம்ப் எடுத்து (டேட்டாவை ஒரு ஃபைலாக வெளியே எழுதி), புதிதாகப் போட்ட சர்வரில் ஏற்றுங்கள். 1-ல் எழாவிட்டால் 2, 3 வரை போகலாம். 4-லிருந்தே டேட்டா நிரந்தரமாகக் கெடலாம், அந்த இடத்தில் விவரம் தெரிந்தவரை வரவழைத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆகவில்லை என்றால், டைலர்கள் நோட்டில் குறித்து வைத்திருக்கும் பீஸ் எண்ணிக்கையை வாங்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள், வித்தியாசம் இருந்தால் அடுத்த வாரம் நேர் செய்துகொள்ளலாம். அந்த பென்டிரைவை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.