மீட்டிங்கில் யாராவது பார்த்துவிட்டால்?

கேள்வி: எனக்கு 44 வயது. சிறிய ஊரில் பள்ளி ஆசிரியர். பத்து வருடமாகக் குடிக்கிறேன், இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர். காலையில் ஒரு கட்டிங் போடாவிட்டால் கை நடுங்குகிறது, சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் மீட்டிங்குக்குப் போகச் சொல்கிறார் நண்பர். எங்கள் பக்கம் எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சர்ச்சில் நடத்துவார்களாமே, மதம் மாறச் சொல்வார்களா? மாணவர்களின் பெற்றோர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? நாளை முதல் அடியோடு நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்துத் தலைநிமிர்ந்து போகலாம் என்றிருக்கிறேன். (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: சார், கடைசி வரிக்குத்தான் முதல் பதில். நாளை முதல் அடியோடு நிறுத்தாதீர்கள். காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிப்போய்விட்டது. அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், இந்த வாரமே போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். (பாதிதான் சொல்வார்கள் என்று டாக்டர்களுக்கும் தெரியும்.) மாத்திரை தருவார்கள், தேவைப்பட்டால் சில நாள் படுக்கையில் வைத்துப் பார்ப்பார்கள்.

மீட்டிங்குக்கு ஒரு மாதம் காத்திருக்கவே வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை. தலைகுனிந்தே போகலாம்.

சரி, எங்கே தேடுவது? அதே மனநலப் பிரிவில் ஆலோசகரையோ நர்ஸையோ கேளுங்கள். பக்கத்தில் எந்தக் குழு உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும். 14446 என்பது போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச உதவி எண், அங்கேயும் விசாரிக்கலாம். ஏஏவின் இந்தியத் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் ஊர்வாரியாக விவரம் கிடைக்கும். ஆனால் பட்டியலை மட்டும் நம்பி பஸ் ஏறிவிடாதீர்கள். இடம் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும். முதலில் போன் செய்யுங்கள். எடுப்பவர் அநேகமாக உங்களைப் போலவே இருந்து மீண்டவராகத்தான் இருப்பார். "மீட்டிங் தமிழிலா? ஓப்பனா, குளோஸ்டா?" என்று கேளுங்கள். குளோஸ்ட் என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். ஓப்பனுக்கு யாரும் வரலாம், முதல் நாள் உங்கள் நண்பரையும் கூட்டிப் போகலாம்.

போன் செய்யக் கூச்சமாக இருந்தால் இதைக் கேளுங்கள். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து ஹோட்டல் வராந்தாவில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வந்த வியாபாரமும் கைகூடவில்லை. ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். பழக்கமில்லாத ஊரில் தேவாலயப் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டு, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி வந்தவர், இரவு பதினொன்றைத் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தாராம். ஏஏ அப்படித்தான் தொடங்கியது.

சர்ச் விஷயம்: குறைந்த வாடகைக்கு ஒரு மாலை நேரம் அறை கிடைக்கும் இடங்களில் நடத்துகிறார்கள், அவ்வளவுதான். சில ஊர்களில் பள்ளிக்கூடம். கடவுள் பேச்சு வரும். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் சொல்வார்கள், உங்கள் குலசாமியை யாரும் பிடுங்க மாட்டார்கள். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். விருப்பமிருந்தால் பத்தோ இருபதோ போடலாம், போடாவிட்டாலும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

நான் ஒருமுறை ஓப்பன் மீட்டிங் ஒன்றுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறேன். ஆரம்பப் பள்ளியின் வகுப்பறை. குழந்தைகள் பெஞ்சில் பெரிய மனிதர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் அன்றைய கழித்தல் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் என்ன பேசினார்கள் என்பதை நான் எழுதக் கூடாது. அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவர வேண்டும்.

உங்கள் பயத்துக்கும் அதுதான் பதில். மாணவனின் அப்பாவை அங்கே பார்த்தால், அவரும் உங்களைப் பார்த்து அதே அளவு திடுக்கிட்டிருப்பார். டாஸ்மாக் வாசலில் ஊரே பார்த்த பிறகு, இந்த ஒரு வாசலுக்கு மட்டும் ஏன் சார் இவ்வளவு யோசனை?

நேரத்தையும் கவனியுங்கள். மீட்டிங் பெரும்பாலும் சாயங்காலம்தான், அதாவது உங்கள் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிற நேரம். முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒருவர் நீட்டி முழக்குவார், இன்னொருவர் அழுவார். நாலைந்து தடவையாவது போய்ப் பாருங்கள், முடிந்தால் வேறொரு குழுவிலும். உங்கள் ஊர் வேண்டாமென்றால் அடுத்த ஊர்க் குழுவுக்குப் போவதிலும் தவறில்லை. வீட்டம்மாவுக்கும் பேச ஒரு இடம் வேண்டும். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது, போனில் அதையும் விசாரியுங்கள்.

போனதும் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பேசக் கூப்பிட்டால், "இன்னைக்குக் கேக்க மட்டும்தான் வந்தேன்" என்று சொல்லுங்கள். விட்டுவிடுவார்கள்.