காலைக் குளிரில் வெள்ளைப் புகை: இன்ஜின் ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

உதகையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். 88,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் குறைந்துவிடுகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெளிறிய கூழ் படிந்திருக்கிறது. அதைப் பார்த்த மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். நடுவில் ஒரு வாரம் கோவையில் இருந்தோம். அங்கே புகையே தெரியவில்லை. என்ன செய்வது?"

இப்போதைக்கு ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியில், யாரையும் கை வைக்க விடாதீர்கள். அந்த மூடிக்கும் இன்ஜினின் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமாகிய கூலன்ட் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ போகாமல் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. போய்விட்டது என்று சொல்லும் அளவுக்கு நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. நியாயமான விலைக்குச் செய்துகொள்ளக்கூடிய சோதனைகள் இருக்கும்போது, புகையின் நிறத்தையும் மூடியிலுள்ள கூழையும் மட்டும் வைத்து இன்ஜினைப் பிரிப்பது சரியல்ல.

முதலில் அந்தப் புகை என்னவென்று பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இது எல்லா ஊரிலும் எல்லா நாளும் நடப்பதுதான். சமவெளியில் அது ஆவியாகவே வெளியேறிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. 2,240 மீட்டர் உயரத்தில், உறைபனி விழும் காலையில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த சைலன்சருக்குள் அந்த ஆவி நுழைந்ததும் நுண்துளிகளாக மாறி வெண்மையாகத் தெரிகிறது. குளிரில் நாம் விடும் மூச்சு தெரிவதும் இப்படித்தான். குழாய் நுனியில் தண்ணீர் சொட்டுவதும் இதனால்தான். இந்த ஆவி குழாயை விட்டு ஓரிரு அடி போவதற்குள் கலைந்துவிடும், வாடையும் பெரிதாக இருக்காது. சைலன்சர் சூடேறியதும் நின்றுவிடும். தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற உறைபனி இடங்களில் பத்துப் பதினைந்து நிமிடம் நீடித்தாலும் வியப்பில்லை.

கேஸ்கெட் போய், கூலன்ட் சிலிண்டருக்குள் புகுந்து எரிந்து வரும் புகையின் குணம் வேறு. அது அடர்த்தியாக இருக்கும், சட்டென்று கலையாது, வண்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே நிற்கும். கூலன்ட்டில் கலந்திருக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளால் ஒருவித இனிப்பு வாடை வீசும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் புகை தொடரும். பல வண்டிகளில் காலையில் முதல் அரை நிமிடம் இன்ஜின் தடுமாறவும் செய்யும். இரவில் கசிந்த கூலன்ட் ஒரு சிலிண்டரில் தேங்கி, அதன் ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடுவதே காரணம்.

உங்கள் மெக்கானிக்கை அந்த நிலைக்குத் தள்ளியது ஆயில் மூடியில் இருந்த கூழ் என்று நினைக்கிறேன். சமவெளியில் அனுபவம் பெற்ற எவருக்கும் அது கேஸ்கெட் கசிவின் அடையாளமாகத்தான் தோன்றும். மலையில் அதற்கு வேறொரு எளிய காரணம் உண்டு. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் நீராவி வெளியேற வழியில்லாமல், இன்ஜினில் குளிர்ச்சியான இடமாகிய அந்த மூடியில் படிந்து, ஆயிலோடு கலந்து கூழாகிவிடுகிறது. ஆகவே மூடியோடு நிறுத்தாமல், ஆயில் அளவைக் காட்டும் கம்பியாகிய டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலுள்ள ஆயில் தெளிவாக இருந்து, அளவும் கூடாமல் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. டிப்ஸ்டிக்கிலும் ஆயில் வெளிறிப்போய் அளவும் ஏறியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளை விரைவில் தின்றுவிடும். மூடியைத் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டி, மறுபடி திறந்து பாருங்கள். நீராவி படிந்ததுதான் காரணம் என்றால் மூடி சுத்தமாகவோ, மிகக் குறைந்த படிவோடோ இருக்கும்.

கோவையில் புகை தெரியவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த ஒரு வாரத்தில் கூலன்ட் குறைந்ததா என்று பார்த்தீர்களா? அதுதான் முக்கியமான கேள்வி. புகையை வெயில் மறைத்துவிடும், தொட்டியின் அளவை மறைக்காது. காலையில் இன்ஜின் ஆறிய நிலையில் கூலன்ட் தொட்டியின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, அதேபோல் ஆறிய நிலையில் பாருங்கள். சூட்டில் மட்டம் ஏறும், குளிரில் இறங்கும். மாலையில் பார்த்ததைக் காலையோடு ஒப்பிட்டுப் பலர் வீணாகப் பயந்துபோகிறார்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மட்டம் உண்மையாகவே இறங்கி, வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால் இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, நீலத் திரவம் கொண்ட சிறு கருவியைக் கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவது. சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாக மாறும். மற்றொன்று, கை பம்ப் மூலம் கூலன்ட் அமைப்புக்கு அழுத்தம் ஏற்றி அது இறங்குகிறதா என்று பார்ப்பது. இறங்கினால் பிளக்குகளைக் கழற்றினாலே எந்த சிலிண்டரில் ஈரம் என்று தெரிந்துவிடும். கூலன்ட் புகும் சிலிண்டரின் பிளக் பெரும்பாலும் மற்றவற்றைவிடக் கழுவியது போல வெளுத்திருக்கும். உங்கள் கையாலேயே செய்து பார்க்க ஒன்று உண்டு: ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அது சூட்டால் ஏறிய அழுத்தமல்ல, சிலிண்டரின் வாயு உள்ளே போகிறது.

வெள்ளை என்று நினைத்தது உண்மையில் ஆயில் எரிந்து வரும் நீலப் புகையோ என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பனி மூடிய காலையில் இரண்டும் குழம்பும். ஒரு வெள்ளைத் தாளைக் குழாயின் வாயிலிருந்து சற்றுத் தள்ளி அரை நிமிடம் பிடியுங்கள். நீராவி என்றால் தாள் நனைந்து, காய்ந்து, தடமின்றிப் போகும். ஆயில் என்றால் எண்ணெய்க் கறை நிற்கும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு குப்பென்று நீலப் புகை விட்டு ஒழிந்தால் பழுது பெரும்பாலும் வால்வு சீலில், அதாவது வால்வு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையத்தில், இருக்கும். இதை உறுதிசெய்ய மலைவாசிகளுக்குக் கிடைத்த வசதி மலைப்பாதைதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது தாழ்ந்த கியரில் ஆக்சிலேட்டரை விட்டு வருவீர்கள் அல்லவா, அப்போது இன்ஜினுக்குள் உறிஞ்சல் மிகும். தேய்ந்த சீல் வழியாக ஆயில் உள்ளே இழுக்கப்படும். இறக்கம் முடிந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும் அந்த நொடியில் பின்னால் நீலப் புகை எழுகிறதா என்று பின்வண்டியில் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்தால் சீல். ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கும்போது விடாமல் நீலமாக வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமாகிய பிஸ்டன் ரிங் தேய்மானம். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம். பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே வால்வு சீலை மாற்றலாம்.

கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர், வெப்ப சென்சார், கசியும் இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். டீசல் வண்டியாக இருந்தால், காலையில் கண் எரியும் டீசல் வாடையோடு சாம்பல் கலந்த வெள்ளைப் புகை வருவது எரியாத டீசல்தான். பெரும்பாலும், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளில் ஒன்று இறந்திருக்கும். டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பியும் புகை குறையவில்லை என்றால் பிளக்குகளை மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் காரில் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன்: இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா? சூடேறும் தொந்தரவுக்கு வைத்தியமாகச் சமவெளிப் பட்டறைகளில் அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. எந்த ஊரிலும் அது தவறு. உதகையில் இரட்டிப்புத் தவறு. வால்வு இல்லாத இன்ஜின் சூடேறவே நெடுநேரம் ஆகும். புகை நீடிக்கும், மூடியில் கூழ் படியும், மைலேஜ் குறையும். அதாவது நீங்கள் எழுதிய குறைகள் எல்லாமே வரும். ஸ்டார்ட் செய்து ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியும் வெப்ப முள் நடுவுக்கு வரவில்லை என்றால், அல்லது முள்ளே இல்லாத வண்டியில் நீல விளக்கு அணையவில்லை என்றால், முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சூடேற்றுவதற்காகப் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டாம். அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டுங்கள். ஓடினால்தான் ஆயில் சீக்கிரம் சூடாகும். குளிருக்குப் பயந்து ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடுவதை ஒருநாளும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகை நின்றுவிட்டதாலேயே ஆபத்தும் நின்றுவிட்டதாக ஆகாது.

ஒரு வாரம் மட்டம் பாருங்கள். குறையவில்லை, டிப்ஸ்டிக் தெளிவு, புகை சூட்டோடு கலைகிறது என்றால் வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டமும் நேரத்துக்கு ஆயில் மாற்றமும் போதும். சோதனை இரண்டும் கேஸ்கெட் கசிவை உறுதிசெய்தால் தயங்காமல் வேலையைக் கொடுங்கள். அப்போது, இறக்கிய ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து வளைவு பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஹெட் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்காமல் புதியவை போடச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் விட்டால் புதுக் கேஸ்கெட்டும் நீண்ட நாள் தாங்காது.