கேட்காத தாளைத் தள்ளும் பிரிண்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பச்சைத் தேயிலைக் கணக்கையும் பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களையும் அச்சிடுவதற்காக வீட்டில் ஒரு லேசர் பிரிண்டர் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் அது தானாகவே தாள்களைத் தள்ளுகிறது. ஒவ்வொரு தாளின் தலைப்பகுதியிலும் புரியாத குறிகள் ஒரு வரி மட்டும் இருக்கின்றன. சில நேரம் போன வாரக் கணக்கே மறுபடியும் வருகிறது. கணினியை அணைத்துப் போட்டும் பயனில்லை. பழுது பார்ப்பவர் உள்ளே இருக்கும் போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், கணினியில் தேங்கிக் கிடக்கும் அச்சு வேலையையே முதலில் சந்தேகிக்க வைக்கின்றன. அச்சிடச் சொன்னவுடன் விண்டோஸ் அந்தக் கோப்பை நேராகப் பிரிண்டருக்கு அனுப்பிவிடுவதில்லை. 'பிரிண்ட் ஸ்பூலர்' என்னும் பகுதி அதை வன்தட்டில் எழுதி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக அனுப்புகிறது. பின்னால் வரும் தகவலை எப்படிப் படித்து வரைய வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் கட்டளைகள் ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் இருக்கும். பாதியில் மின்சாரம் போனால் பிரிண்டர் அவற்றை மறந்துவிடும். மடிக்கணினியோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் திரும்பியதும் கணினி மிச்சத்தை அனுப்ப, தொடக்கக் கட்டளை இல்லாத அந்தத் துண்டை வெறும் எழுத்தென்று எடுத்துக்கொண்டு பிரிண்டர் குறிகளாக அடிக்கிறது. 'அடுத்த தாளுக்குப் போ' என்று பொருள்படும் குறி இடையில் தற்செயலாக வரும் இடத்திலெல்லாம் தாளையும் மாற்றிவிடுகிறது. ஒரு தாளுக்கு ஒரு வரி வருவது இதனால்தான். தேங்கிய வேலைகளின் வரிசை வன்தட்டில் இருப்பதால், கணினியை அணைத்துப் போட்டாலும் அது அழிவதில்லை.

பிரிண்டரை அணைத்து, யூஎஸ்பி கேபிளையும் கழற்றிவிடுங்கள். கணினியில் பிரிண்டரின் வரிசையைத் திறந்து எல்லா வேலைகளையும் ரத்து செய்யுங்கள். 'டெலீட்டிங்' என்று காட்டியபடியே ஏதேனும் நின்றுவிட்டால், தேடல் பெட்டியின் வழியாக 'சர்வீசஸ்' பகுதிக்குச் சென்று பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று அடுத்தடுத்துத் திறந்து, கடைசிக் கோப்புறைக்குள் இருப்பவற்றை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரை மீண்டும் இயக்குங்கள். கோப்புறையை அழிக்க வேண்டாம். இவ்வளவும் முடிந்த பின்னரே பிரிண்டரை இணைத்துப் போட வேண்டும். முந்திக்கொண்டால் பழைய கதைதான்.

அதன் பிறகும் குறிகள் வந்தால், அந்தத் தாளைக் கசக்கி எறியாமல் முதல் வரியைப் படியுங்கள். 'பிஜேஎல்' என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அந்த மாடலுக்குப் பொருந்தாத டிரைவர் (பிரிண்டரை இயக்கக் கணினிக்கு உதவும் மென்பொருள்) நிறுவப்பட்டிருக்கக்கூடும். அதை நீக்கிவிட்டுச் சரியானதைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து போடுங்கள். வரி 'போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கினால் குற்றவாளி விண்டோஸ்தான். 2025 ஜனவரி இறுதியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், யூஎஸ்பியில் இணைத்த சில பிரிண்டர்களை, குறிப்பாக அவை அணைந்து மீண்டும் இயங்கும்போது, இப்படி உளற வைத்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு மார்ச் இறுதியில் திருத்தம் வெளியிட்டது; ஆகவே நிலுவையில் உள்ள அப்டேட்களைப் போட்டாலே தீரும்.

இன்வெர்ட்டரில் இணைக்கலாமே என்று தோன்றலாம். லேசர் பிரிண்டரின் உள்ளிருக்கும் சூடேற்றி ஒரே மூச்சில் அதிக மின்சாரம் இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. மழைக்காலத்தில் அச்சிடாத நேரத்தில் சுவிட்சை அணைத்து வைப்பதே நல்லது. (இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் முதலில் பிரிண்டரின் சொந்தப் பொத்தானால் அணைக்க வேண்டும், அப்போதுதான் மை முனை மூடிக்கொள்ளும்.)

கேள்வி: ஒரு பக்கம் அச்சிட்டால் கூடவே வெற்றுத் தாளும் வருகிறது. இது எதனால்?
(வாசகர், குன்னூர்)

பதில்: வெற்றுத் தாள் எப்போதும் கடைசியாகவே வருமானால் கோப்பில்தான் கோளாறு: வேர்டில் இறுதியில் மிஞ்சிய வெற்றுப் பத்தியையோ, எக்செலில் தொலைவிலுள்ள ஏதோ ஒரு கட்டத்தில் தட்டுப்பட்டிருக்கும் எழுத்தையோ நீக்கினால் போதும். ஓர் ஒழுங்கின்றி எங்கு வேண்டுமானாலும் வந்தால் உங்கள் ஊர் மூடுபனியைத்தான் சந்தேகிக்க வேண்டும். காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், உருளை ஒரு தாளை இழுக்கும்போது அடுத்ததும் சேர்ந்து வருகிறது. கட்டின் உறையைப் பிரித்தபடி விடாமல், அன்றைக்கு வேண்டிய தாள்களை மட்டும் எடுத்து, ஓரங்களை விசிறிப் பிரித்துத் தட்டில் வையுங்கள். மீதியை இறுக மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். நமத்துப்போன கட்டை வெயில் வரும் நாள்வரை கணக்கு எழுதப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் ஹோம்ஸ்டேயில், யாரோ ஒருவரின் ரயில் டிக்கெட் எங்கள் பிரிண்டரில் அச்சாகி வந்தது. யாராவது ஊடுருவிவிட்டார்களா?
(வாசகர், உதகை)

பதில்: விருந்தினருக்கும் பிரிண்டருக்கும் ஒரே வைஃபையைக் கொடுத்திருப்பீர்கள், அவர்களின் கைபேசி உங்கள் பிரிண்டரைத் தானாகவே கண்டுபிடித்திருக்கும். ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தால் அதை இயக்கி, விருந்தினருக்கு அதன் கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள். ரூட்டர் இல்லாமலே கைபேசியை நேராகப் பிரிண்டரோடு இணைக்கும் 'வைஃபை டைரக்ட்' வசதியையும் பிரிண்டரில் அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே தங்கிச் சென்றவர்களிடம் பழைய கடவுச்சொல் இருக்கும் என்பதால் அதையும் மாற்றிவிடுங்கள்.