கையைப் போட்டுக் கேளுங்க

அன்புள்ள அண்ணா,

நான் கோத்தகிரிப் பக்கம். 'சிந்து பைரவி' பாத்துத்தான் கர்நாடக சங்கீதம் மேல ஆசை வந்துச்சு. போன மாசம் கோயம்புத்தூர்ல முதல் தடவையா நிஜக் கச்சேரிக்குப் போனேன். படத்துல எல்லாரும் கண்ணமூடித் தலையாட்டி உருகுறாங்க, எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு. எனக்கு ரசனை இல்லையா? எந்த ராகத்துல இருந்து ஆரம்பிக்கலாம்? 'மரி மரி நின்னே'யை அந்தப் படத்துல ராகம் மாத்தினது தப்பா?

அன்புள்ள தம்பி,

தூங்கினது தப்பே இல்ல, நல்ல சுருதிக்குத் தூக்கம் வரும். காம்போதி ராகக் கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்துல போட்டது 1985-லேர்ந்து ஓடுற சண்டை, அதுல நான் வரல.

ஆனா அந்தத் தலையாட்டல்! கொஞ்ச நாளா அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். நம்ம சினிமா பாடுறவங்களை எவ்வளவோ கவனமா எடுத்திருக்கு. 'தில்லானா மோகனாம்பாள்'ல நாதஸ்வரம் வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள், ஆனா சிவாஜி கன்னத்தையும் விரலையும் பாத்தா யாரும் நம்ப மாட்டாங்க. கேக்குறவங்கள எடுக்கும்போது மட்டும் மூஞ்சிக்கு ஒரு குளோசப், கண்ணுல தண்ணி, முடிஞ்சுது. கையைக் காட்டவே மாட்டாங்க. அதைப் பாத்துட்டு நீங்களும் கண்ணீர் வருமான்னு காத்துட்டு உக்காந்திருந்தா தூங்காம என்ன பண்ணுவீங்க?

குன்னூர்ல ஒரு சின்ன ஹால் கச்சேரி, வெளிய மழை, உள்ள எல்லாரும் ஸ்வெட்டர். அந்த ஈரத்துல மிருதங்கத் தோலோட சுருதி இறங்கி இறங்கிப் போகுது, பாவம் மிருதங்கக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல கல்லால தட்டித் தட்டி சுருதி சேத்துக்கிட்டே இருந்தார், எந்தப் படத்துலயாவது இதப் பாத்திருக்கீங்களா? என் பக்கத்துல எஸ்டேட்ல கணக்கெழுதி ரிட்டையர் ஆன ஒரு பெரியவர். மூஞ்சில ஒரு உணர்ச்சியும் கிடையாது, ரேஷன் கடை கியூல நிக்கிற மாதிரி இருந்தார். ஆனா கை மட்டும் தொடை மேல ஆதி தாளம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. பல்லவில பாடகர் எங்கெங்கயோ சுத்திட்டு சரியா எடுப்புல, அதாவது தாளத்துல அந்த வரி தொடங்குற இடத்துல, வந்து விழுந்தப்ப அவர் கை கூடவே விழுந்துச்சு, மிருதங்கக்காரர் மேடைலேர்ந்து அவரைப் பாத்து சிரிச்சார். அதுக்கப்புறம் பாதிக் கச்சேரி அவர் கையப் பாத்துத்தான் வாசிச்சார்னே சொல்லலாம்.

ராகமெல்லாம் மெதுவா வரும், விடுங்க. முதல்ல அந்த ஆதி தாளத்தைப் போடுங்க: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டி வீசு, தட்டி வீசு. எட்டு. தப்பினா தப்பட்டும், பக்கத்து சீட்ல ஓடுற கையப் பாத்துச் சேந்துக்கோங்க. பாட்டு நின்னு மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் போண்டா சாப்பிட எழுந்து போற கூட்டத்தோட மட்டும் போயிடாதீங்க, செம கோவம் வரும் எனக்கு.