20 சென் நாணயமும் ஒரு விண்கப்பலும்

அன்புள்ள அண்ணா,

ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறுதோறும் நண்பர்கள் நாலைந்து பேர் எங்கள் வீட்டு மேசையில் விண்கப்பல் போர் விளையாட்டு ஆடுவோம். போன மாதம் திரவப் பிளாஸ்டிக்கை இறுக வைத்து உருவங்களை அச்சிடும் ரெசின் பிரிண்டர் வாங்கி, நானே வடிவமைத்த கப்பல்களை அச்சிட ஆரம்பித்தேன். ஒன்பது தயார். மற்ற ஊர் ஆட்டக்காரர்களுக்குக் காட்டலாமென்று படம் எடுத்தால் எல்லாம் பொம்மை மாதிரி விழுகிறது. மூக்கு தெளிந்தால் வால் மங்குகிறது. கறுப்புத் துணி விரித்தால் கப்பல் வெளிறிப்போகிறது. விண்வெளியில் பறப்பது போலக் காட்ட, சின்னப் பொருள்களை மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டுமா?

அன்புடன்,
உங்கள் வாசகர், பினாங்கு

தம்பி,

லென்ஸ் இப்போது வேண்டாம். கேமராவுக்கு ஆட்டம் காணாத முக்காலி ஒன்று வாங்குங்கள், மிச்சப் பணத்தில் ரெசின் வாங்கலாம்.

விண்வெளிப் படத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எடுக்க வேண்டிய படம் ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரின் படத்தைப் பார்த்து ஓர் உலோகக் கப்பல் தருவித்தேன். பின்னால் சிவப்புக் கிரகம், எஞ்சினில் நீல ஒளி. பெரிய போர்க்கப்பல் என்றே நம்பினேன். பொட்டலத்தைப் பிரித்தால் என் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. என்னிடமிருந்த காவல் கப்பல்களின் பக்கத்தில்கூட அதை நிறுத்த முடியவில்லை. தபால் செலவோடு அன்றைக்கு அது எனக்கு இரண்டு நாள் சம்பளம். அந்தப் படத்தில் அளவைச் சொல்ல எதுவுமே இல்லை.

போர்வீரன் உருவமென்றால் தலையைப் பார்த்தே அளவை ஊகித்துவிடலாம். விண்கப்பலில் நம் கண்ணுக்குப் பிடி கிடையாது. 3 சென்டிமீட்டர் கப்பலையும் 30 சென்டிமீட்டர் கப்பலையும் ஒரே மாதிரி எடுத்துவிடலாம். விளையாட்டின் விதிகளும் இதற்கு உதவுவதில்லை. 1999இல் வந்த பேட்டில்ஃப்ளீட் காதிக் என்ற விண்கப்பல் விளையாட்டில் தூரத்தை அளப்பது கப்பலைத் தாங்கும் தண்டிலிருந்து. உடல் பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது. அதனால் தயாரிப்பவர்கள் ஆளுக்கோர் அளவில் செய்கிறார்கள். 2012இல் வந்த எக்ஸ்-விங் விளையாட்டில் சின்னப் போர் விமானங்கள் கதையில் வரும் அளவில் 1/270 என்று ஓர் ஒழுங்கு இருந்தது. வண்ணமும் பூசியே வந்தன. நீங்கள் செய்வது புதுக் கப்பல். பார்க்கிறவர் மனதில் எழும் முதல் கேள்வி, 'இது என் அணியோடு சேருமா?' என்பதுதான்.

ஆகவே முதல் படம் வண்ணம் பூசாத கப்பல். பக்கத்தில் ஒரு 20 சென் நாணயம், குறுக்களவு 2 சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் கூட. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் தண்டு செருகும் துளை தெரிய ஒன்று. அச்சின் அடுக்குக் கோடுகள் தெரிந்தால் தெரியட்டும், மறைக்காதீர்கள். சாம்பல் ரெசின் பளபளக்காது, படத்துக்கு நன்றாக ஒத்துழைக்கும். உலோகமென்றால் பளபளப்பில்லாத அடிப்பூச்சு (மட் பிரைமர்) ஒரு தடவை அவசியம், இல்லாவிட்டால் ஒளித் திட்டுகளில் நுணுக்கமெல்லாம் கரைந்துவிடும்.

இந்தப் படங்களை நான் செந்தூலில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் எடுப்பேன். மத்தியானம் மூன்று மணிவாக்கில், மழைக்கு முன் வானம் மூடிக்கொண்டு வருமே, அந்த வெளிச்சம். நிழல் பஞ்சு மாதிரி விழும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் கப்பலின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் போகும்.

சரி, இனி விண்வெளி.

பொம்மை போலத் தெரிவதற்கு முதல் காரணம் அந்த மங்கிய வால்தான். நிஜக் கப்பல் தூரத்தில் நிற்கும், முனை முதல் வால் வரை ஒரே தெளிவாகத் தெரியும். பத்து சென்டிமீட்டர் கப்பலை ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சார் கேமராவில் சட்டகம் நிறைய, லென்ஸ் துளையை எஃப் 2.8க்கு அகலத் திறந்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். துளையை எஃப் 11க்குச் சுருக்கினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். எஃப் 16ஐத் தாண்டிப் போகாதீர்கள், மொத்தப் படமும் மழுங்கும். அதற்குப் பதில் இரண்டு மடங்கு தள்ளி நின்று எடுத்துவிட்டு ஓரங்களை வெட்டுங்கள். வெட்டிப் பெரிதாக்கிய பின்னும் தெளிவின் ஆழம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 24 மெகாபிக்சலில் 6 மிஞ்சும், போன் திரைக்கு அது தாராளம். ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலையில்லை, கப்பல் அசையப்போவதில்லையே. மூக்கை நேருக்கு நேர் காட்டத்தான் ஆசையென்றால் ஃபோக்கஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, ஹெலிகன் ஃபோக்கஸ் போன்ற மென்பொருளில் ஒன்றாக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் வெளிச்சம். நான் புகழ்ந்த அதே மழைமேக வெளிச்சம் இங்கே ஆகாது. விண்வெளியில் ஒளியைச் சிதறடிக்கக் காற்று இல்லை. அப்போலோ விண்வெளி வீரர்கள் நிலவில் எடுத்த படங்களைப் பாருங்கள்: வெயில் பட்ட பக்கம் சுளீரென்று இருக்கும், நிழல் மையாக இருக்கும். இரவில் அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு சின்ன டார்ச்சைக் கை நீட்டும் தூரத்தில் பக்கவாட்டில் வையுங்கள். அட்டையை எடுத்துவிடுங்கள். கேமராவைக் கப்பலின் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இறக்குங்கள். நாம் மேலிருந்து பார்ப்பது மேசைப் பொருள்களைத்தான்.

கப்பல் வெளிறுவதற்குக் காரணம், கறுப்பைப் பார்த்துக் கேமரா இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுவது. கேமராவின் எக்ஸ்போஷர் அளவுகோலில் ஒன்றோ ஒன்றரையோ குறையுங்கள். பருத்தித் துணி வெளிச்சம் பட்டால் சாம்பலாகும். லிட்டில் இந்தியா துணிக்கடையில் அரை மீட்டர் கறுப்பு வெல்வெட் வாங்கி, கப்பலுக்கு இரண்டடி பின்னால் தொங்கவிடுங்கள். நிழல்பக்க ஓரம் வெல்வெட்டோடு கலந்துபோனால் பின்னாலிருந்து இன்னொரு மெல்லிய வெளிச்சம் கொடுக்கலாம். அப்புறம், கண்ணாடித் தண்டு டார்ச் ஒளியில் மின்னும். நான் சாத்தே குச்சிக்குக் கறுப்புப் பூசி, கேமராவுக்குத் தெரியாத பக்கம் ஒட்டுப்பசையால் பிடிக்கவைப்பேன்.

அந்தக் கட்டைவிரல் கப்பல் இன்னும் என் மேசையில் இருக்கிறது. உங்கள் ஒன்பதில் மிகச் சிறியதை முதலில் எடுங்கள். நாணயத்தோடு எடுத்த படத்தை எனக்கு அனுப்புங்கள், அதன் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும்.